நொச்சிவலசையின் பதினான்கு ஒழுகிடங்கள்

நாட்டில் கல்வி வளர்ந்திருக்கிறதா என்பதை முன்பெல்லாம் பிள்ளைகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். அதிகாரி வந்து உட்கார்ந்து, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு என்பார். பிள்ளை சொன்னால் வளர்ந்திருக்கிறது, முழித்தால் வளரவில்லை. இந்த முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது.

மேற்படி குறையைக் களையும் பொருட்டு, இணையவழிக் கற்றல் மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்று தோற்றுவிக்கப்பட்டு, அதிலிருந்து சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு வலைப்பூ தொடங்க வேண்டும். வேலைநாள்தோறும் ஒரு படமும், நூறு சொல்லுக்குக் குறையாத விளக்கமும் அதில் ஏற்ற வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் ஏற்றாத பள்ளி இயங்காத பள்ளி எனக் கருதப்படும்.

பிள்ளைகள் மூன்று நாள் வராவிட்டால் என்ன கருதப்படும் என்று அதில் இல்லை. நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

எங்கள் நொச்சிவலசைத் தொடக்கப்பள்ளி குத்துக்கல்வலசையைத் தாண்டி வயல்காட்டுக்குள் இருக்கிறது. அப்போது பத்தொன்பது பிள்ளைகள், ஒரு தலைமை ஆசிரியை, ஒரு சத்துணவு அம்மாள். அறை இரண்டு. ஒன்றில் அரிசி மூட்டை இருந்தது. மற்றதில் கல்வி இருந்தது. அரிசி அறைக்குக் கான்கிரீட் கூரை, கல்விக்கு ஓட்டுக் கூரை. நடு உத்திரத்தைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. ஆனி பிறந்து சாரல் கட்டினால் ஊர் உலகமெல்லாம் வண்டி பிடித்துக் குற்றாலத்துக்கு நனைய வரும். நொச்சிவலசைப் பிள்ளைகளுக்கு அந்த அலைச்சல் கிடையாது. பாய் விரித்த இடத்திலேயே எல்லாம் கிடைத்தது.

தலைமை ஆசிரியை நிர்மலாதேவி மூன்று வருடமாகக் கூரைக்கு மனு கொடுத்துவந்தார். எழுதிக் கொடுத்தது நான்தான். நாற்பது வருடம் துண்டறிக்கை எழுதிப் பழகிய கை. "உத்திரமே, உயிர்ப்பலி கேட்கிறாயா?" என்று நான் தலைப்புப் போடுவேன். அவர் அதை அடித்துவிட்டு, "பொருள்: கூரை பழுது நீக்கக் கோருதல் தொடர்பாக" என்று எழுதுவார். மூன்று மனுவுக்கும் பதில் வந்தது. தக்க மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது என்று இருந்தது. எங்கே என்று இல்லை.

நான்காவது மனுவோடு டீச்சர் தென்காசியில் அந்தப் பிரிவின் அலுவலகத்துக்குப் போனபோது, இனிமேல் காகிதம் வாங்குவதில்லை, எதுவானாலும் வலைப்பூவில் ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பது சாஜிதா. தற்காலிகப் பணியில் ஆறாவது வருடம் இருக்கிற நல்ல பெண். டீச்சர் தன் போனில் கூரைப் படத்தைக் காட்டினார்.

"இத எந்தத் தலைப்புல ஏத்த, சாஜிதா?"

"தலைப்பு ஆறுதான் டீச்சர். விழா, சாதனை, புதுமை, பிரமுகர் வருகை, மரம் நடுதல், இதர நற்செய்திகள்."

"குறைன்னு ஒண்ணு இருக்குமே?"

"இல்ல டீச்சர். நானும் கேட்டேன். குறைன்னு ஒரு தலைப்பு வச்சா எல்லாரும் அதுலயே போட்டுருவாங்கன்னு வைக்கலையாம்."

"அப்ப ஒழுகுதத எதுலதான் போடுதது?"

சாஜிதா யோசித்தாள். "விழான்னு போட்டா விருந்தினர் பேரு கேக்கும். சாதனைன்னா சான்றிதழ் கேக்கும். மரம் நடுதல்னா மரத்தக் கேக்கும். புதுமைன்னு போடுங்க டீச்சர். அது ஒண்ணுமே கேக்காது."

புதுமை என்றே போட்டார். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. பத்தொன்பது பிள்ளைகள் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இடையிடையே வாளி, குடம், சத்துணவு அண்டா. என் மகள் வயிற்றுப் பேத்தி ஸ்ரீமதி, நாலாம் வகுப்பு, குடையில்லாமல் ஒரு சேம்பிலையைத் தலையில் கவிழ்த்திருக்கிறாள். வீட்டில் குடை இருந்தது. பொது விநியோகத் திட்டத்தைப் பாதுகாக்க ஒரு கூட்டத்துக்கு அதை நான் எடுத்துப் போயிருந்தேன்.

விளக்கத்தில்தான் சிக்கல் வந்தது. "கூரை ஒழுகுகிறது, உத்திரம் ஆபத்தான நிலையில் உள்ளது, சரிசெய்து தரப் பணிவுடன் வேண்டுகிறேன்" என்று டீச்சர் எழுதினார். நூறு சொல்லுக்கு இன்னும் தொண்ணூறு குறைகிறது என்று இயந்திரம் திருப்பி அனுப்பியது. வேறு வழியில்லாமல் நடப்பதை நடக்கிறபடி எழுதி நிரப்பினார். சொட்டுகிற சத்தத்தில் பாடம் கேட்கவில்லை. எனவே பிள்ளைகள் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு நூறு வரை எண்ணிவிட்டது. ஒரு வாளி நிறைய எத்தனை சொட்டு என்று ஐந்தாம் வகுப்பு பெருக்கிப் பார்க்கிறது. எந்த ஓட்டிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மூன்றாம் வகுப்புக்கு அத்துபடி.

உண்மையை எழுதினார். அரசு ஊழியர் செய்யக் கூடாத காரியம் அது.

பத்து நாளில் பதினேழாயிரம் பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கண் கலங்கி, தங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லையே என்று எழுதினார்கள். சென்னையில் ஒரு வல்லுநர் இதற்குச் "சாரல்வழிக் கற்றல்" என்று பெயர் வைத்தார். அவர் வீடு ஒழுகாது என்று நினைக்கிறேன்.

பிறகு பால்வண்ணநாதன் வந்தார். இவர்தான் மேற்படி பிரிவின் ஒருங்கிணைப்பு அலுவலர். ஜீப்பில் வந்து, குடையை மடக்கி வெளியே வைத்துவிட்டு, உள்ளே வந்து நனைந்தார். இரண்டு போட்டோக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். பெற்றோர் என்கிற முறையில் நானும் வாசலில் நின்றேன்.

"அற்புதம்!" என்றார் மேலே பார்த்து. மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. துடைக்கவில்லை. "இயற்கையா அமைஞ்சிருக்கு. இத ஒரு ஆளு உக்காந்து திட்டம் போட்டாலும் இப்படி வராது."

"ஐயா, ஓடு மாத்தணும்" என்றார் டீச்சர். "உத்திரம் விரிசல் கண்டிருக்கு."

ஐந்தருவிக்குச் சிமெண்ட் பூசக் கேட்டதுபோல பால்வண்ணநாதன் அவரைப் பார்த்தார்.

"ஓடு மாத்தவா? ஓட்டைய அடைச்சுட்டா அப்புறம் புதுமை எங்கன இருக்கும் டீச்சர்? பதினேழாயிரம் பேர் பாத்திருக்காங்க. அவங்களுக்கு யாரு பதில் சொல்லுதது?"

"உத்திரம் பிள்ளைய மேல விழுந்தா?"

"அது வேற தலைப்பு" என்றார் அவர்.

இதற்குள் சத்துணவு ரெங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எய்யா, அந்த அண்டாவ மட்டும் எடுத்துக்கிடட்டா? சோறு பொங்கணும், மணி பதினொண்ணாச்சு."

"அம்மா, அது இப்ப கற்றல் உபகரணம்."

"அப்ப பிள்ளைய வயித்துக்கு?"

"படம் எடுத்து முடிக்கட்டும்மா. சோறு எங்க போயிரும்?"

"அரிசியாத்தான்யா இருக்கு. எங்கயும் போவாது" என்று சொல்லிவிட்டு ரெங்கம்மாள் அடுப்படிக்குத் திரும்பினாள். அன்றைக்குச் சோறு மூன்று மணிக்குத்தான் வெந்தது.

அடுத்த வாரம் ஆணை வந்தது. நொச்சிவலசைப் பள்ளிக் கூரையில் கண்டறியப்பட்ட பதினான்கு ஒழுகிடங்களும் பாதுகாக்கப்பட்ட கற்றல் வளங்களாக அறிவிக்கப்படுகின்றன. அவற்றுக்கு எண்ணிட வேண்டும். முன் அனுமதி இல்லாமல் எந்த ஒழுகிடத்தையும் அடைப்பதோ, இடம் மாற்றுவதோ, அகலப்படுத்துவதோ கூடாது. ஒவ்வொன்றின் சொட்டு வேகமும் தினமும் வலைப்பூவில் ஏற்றப்பட வேண்டும். ஒருவர் வந்து சிவப்பு வண்ணத்தில் ஒன்று முதல் பதினான்கு வரை எண் எழுதிவிட்டுப் போனார். கரும்பலகைக்கு மேலே இருந்தது ஏழு. அந்த மாதம் முழுக்க கரும்பலகையில் எழுதியது நிற்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

ஒரு நல்ல காரியம் ஒரே ஊரில் நடந்தால் அதிகாரிகளுக்குத் தூக்கம் வராது. மாவட்டம் முழுக்கச் சாரல்வழிக் கற்றலை விரிவுபடுத்தினார்கள். வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் சங்கரபாண்டிக்கு, அவருடைய கட்டடம் ஒழுகாமைக்கு விளக்கம் கேட்டு ஓலை போயிற்று. "கட்டடம் சென்ற ஆண்டுதான் ஒப்பந்ததாரரால் கட்டி முடிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு அவகாசம் தந்தால் தானாகவே ஒழுகும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று அவர் பதில் எழுதினார். விளக்கம் ஏற்கப்பட்டது.

ஆலங்குளத்துப் பக்கம் சாரல் எட்டாது, காற்றுதான் எட்டும். அங்குள்ள பள்ளிகள் காற்றுவழிக் கற்றலுக்கு அனுமதி கேட்டன. சன்னல் கதவு இல்லாத பள்ளிகளுக்கு முன்னுரிமை தருவதாகச் சொல்லப்பட்டது. எல்லாப் பள்ளிகளும் தகுதி பெற்றன.

ஆவணி பிறந்தது. வானம் வெளுத்து வெயில் அடித்தது. டீச்சர் காய்ந்த வாளியைப் படம் எடுத்து ஏற்றினார். "சாரல்வழிக் கற்றல் நிறுத்தப்பட்டதன் காரணம் கோரப்படுகிறது" என்று மறுநாள் வந்தது. மழை இல்லை என்று எழுதினார். "மழையின்மை ஏற்கத்தக்க காரணம் அன்று. மாற்று ஏற்பாடு செய்து அறிக்கை அனுப்பவும்."

மாற்று ஏற்பாடு பிச்சைமணி. பம்புசெட் பழுது பார்க்கிறவன், ஏணி வைத்திருக்கிறவன். அவன் மகனும் அதே பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு படித்தான். தற்காலிகச் சாரல் உதவியாளர் என்று அவனுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். தினமும் பத்து மணிக்கு ஓட்டின் மேல் ஏறி, பக்கத்துக் கிணற்று மோட்டாரிலிருந்து ஓஸ் பிடித்துப் பதினொன்று வரைக்கும் மழையாகப் பெய்தான். வெயில் பளீரென்று அடிக்கும். உள்ளே பத்தொன்பது பிள்ளைகள் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

"ஏலே பிச்சைமணி, ஏழாம் நம்பர்ல வரலலே!" என்று ரெங்கம்மாள் கீழேயிருந்து கத்துவாள்.

"அங்கன ஓடு காஞ்சு கெடக்கு, ஆச்சி. ஊறட்டும். ஒம்பதுல பாருங்க, அருவி மாரி கொட்டும்!"

ஒரு நாள் இறங்கி வந்தவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, கால் வச்சா உத்திரம் கிறீச்சுங்குது. தண்ணிய ஊத்தி ஊத்தி உளுத்துப்போச்சு. ஒருநா இல்ல ஒருநா கூரையோட நான் பிள்ளைய மேல எறங்கிருவேன். சொல்லிட்டேன்."

அதற்குமேல் சும்மா இருக்க முடியுமா? இரவோடு இரவாகத் துண்டறிக்கை எழுதினேன். ஆண், பெண் என்று முப்பத்திரண்டு பேர் பஸ் ஏறித் தென்காசிக்குப் போய், அந்தப் பிரிவு அலுவலக வாசலில் உட்கார்ந்தோம். "உத்திரத்தை மாற்று! இல்லையேல் உத்தரவை மாற்று!" என்று நான் எடுத்துக்கொடுக்க, எல்லோரும் முழங்கினார்கள். நல்ல முழக்கம்தான். இப்போது நினைத்தாலும் குறை சொல்ல முடியாது.

பால்வண்ணநாதன் வெளியே வந்து கும்பிட்டார். "அண்ணாச்சி, உள்ள வாங்க, மோர் குடிங்க."

"மோர் வேண்டாம். கூரை வேணும்."

"கட்டாயம். மனு இருக்கா?"

நீட்டினேன்.

"காகிதம் வாங்குததில்லையே அண்ணாச்சி. வலைப்பூல ஏத்திருவோம். சாஜிதா, அந்தக் கேமராவ எடு. கோஷம் இன்னொரு தடவ போடுங்க, எல்லாரும் இந்தப் பக்கம் பாத்து."

போட்டோம். இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை என் தோளில் துண்டு சரியாக விழவில்லை. இன்னொரு தடவை எடுக்கச் சொன்னது நான்தான்.

மறுநாள் படம் வந்தது. போராட்டம் என்று ஒரு தலைப்பு அந்த இயந்திரத்தில் கிடையாது. ஆகவே "இதர நற்செய்திகள்" பகுதியில், "சாரல்வழிக் கற்றலுக்கு ஆதரவாக நொச்சிவலசைப் பெற்றோர் பேரெழுச்சி" என்று வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களே முப்பத்தோரு பேர். படத்தில் தங்கள் முகம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். முப்பத்திரண்டாவது ஆளிடம் அந்த மாதிரிப் போன் இல்லை. நானே பேத்தியின் அம்மா போனில்தான் போட்டேன்.

ஐப்பசி மழையில் உத்திரம் இரண்டு விரல் அளவு தணிந்தது. அதற்கு நேர் கீழே இருந்த இரண்டு பாய்களை டீச்சர் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மேலே பார்த்தபடியே பாடம் நடத்தினார். அனுமதி இல்லாமல் பாயை இடம் மாற்றியதற்கு விளக்கம் கேட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் தென்காசி வெளிவட்டச் சாலையில் ஒரு பன்னாட்டுப் பள்ளி பெரிய விளம்பரப் பலகை வைத்தது. குளிரூட்டப்பட்ட சாரல் கூடம். கண்ணாடிக் கூரையில் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைக்கப்பட்ட நாற்பது ஒழுகிடங்கள். பயிற்சி பெற்ற சொட்டு ஆசிரியர்கள். மழைச்சட்டை சீருடையில் அடக்கம். மாணவருக்கு ஒரு வலைப்பூ தனித்தனியே.

என் மகள் முத்துவடிவு பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் புருஷன் ராணுவத்தில் வடக்கே இருக்கிறான்.

"அப்பா, ஸ்ரீமதிய அங்கன மாத்திருவோம்."

"ஏட்டி, இங்கன இல்லாத ஒழுகலா அங்கன ஒழுகுது?"

"இங்கன ஓசில ஒழுகுது. அங்கன இங்கிலீஷ்ல ஒழுகுது."

"அரசுப் பள்ளியக் காப்பாத்தணும்னு முப்பது வருஷமா நான்…"

"நீங்க காப்பாத்துங்க. வேண்டாம்னு யாரு சொன்னா? என் பிள்ள தலைல உத்திரம் விழணுமா? அங்கன உத்திரமே கிடையாதாம், எல்லாம் இரும்பு. ஒழுகுத தண்ணியும் வெந்நியாம், சளி பிடிக்காதாம். அவ அப்பா ஊர்ல இல்ல. பாதுகாவலர்னு நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

பதில் சொல்ல எனக்குத் தெரியும். நாலு பக்கத்துக்குப் பதில் இருக்கிறது, ஐந்நூறு பிரதி அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பேத்தி தலைக்கு மேலே இரண்டு விரல் அளவு தணிந்த அந்த மரம் என் கண்ணிலேயே நின்றது. கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பத்தில் "பெற்றோரின் சமூகப் பணி" என்று ஓர் இடம் காலியாக விட்டிருந்தார்கள். அதையும் நிரப்பினேன்.

இந்த ஆண்டு ஜூன் மாதம் நொச்சிவலசைப் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் மூன்று பேர். மற்றவர்கள் கடன் வாங்கியாவது வெளிவட்டச் சாலைப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் போய்விட்டதற்குக் காரணம் கண்டறிய ஒரு குழு வந்தது. போதிய எண்ணிக்கையில் பிள்ளைகள் இல்லாததே காரணம் என்று கண்டறிந்தது. பள்ளி மூடப்பட்டது. மூன்று பிள்ளைகளையும் மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ரெங்கம்மாளையும் அங்கேயே அனுப்பினார்கள். நிர்மலாதேவி டீச்சரை ஆலங்குளம் பக்கம், காற்றுக்கு மாற்றினார்கள்.

கட்டடம் சும்மா இருக்கலாமா? மாவட்டத்து வலைப்பூக்கள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கும் நடுவம் அதில் அமையும் என்று அறிவித்தார்கள். பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து அரிசி அறையில் இறங்கின. பொறியாளர் வந்து ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து அலறிவிட்டாராம். "இதுக்குக் கீழயா கம்ப்யூட்டர் வைக்கச் சொல்லுதீங்க? ஒரு சொட்டு விழுந்தா என்ன ஆகுதது?" என்று கேட்டாராம். ஒன்பதே நாள். கறையான் உத்திரம் இறங்கியது, இரும்பு உத்திரம் ஏறியது. புது ஓடு, ஓட்டுக்குக் கீழே தகரம், தகரத்துக்குக் கீழே வெள்ளைப் பலகை. பதினான்கு ஒழுகிடங்களும் எந்த முன் அனுமதியும் இல்லாமல் அடைபட்டன.

திறப்பு விழாவுக்கு ஊரே போயிருந்தோம். நல்ல சாரல். மலை தெரியவில்லை. எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டு, சமுதாயப் பங்கேற்பாளர் என்று சட்டையில் ஒரு வில்லை குத்தினார்கள். எனக்கு அடுத்த நாற்காலி பிச்சைமணிக்கு. முன்னாள் சாரல் உதவியாளர். பால்வண்ணநாதன் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை வலுத்துக் கூரை மேல் சடசடவென்று இறங்கியது. பழக்க தோஷம், எல்லோரும் தலையைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தோம்.

ஒரு சொட்டு இல்லை.

ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினோம். நானும் தட்டினேன்.

பிச்சைமணி வெள்ளைப் பலகையை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். கண் கலங்கியிருந்தது. என் பக்கம் குனிந்தான்.

"அண்ணாச்சி, எவ்வளவு அம்சமா இருக்கு பாத்தீங்களா? பேசாம இதுல ஒரு பள்ளிக்கூடம் வைக்கச் சொல்லிக் கேப்பமா?"

"யாரு பிள்ளையளுக்குலே?" என்றேன்.

அவன் திரும்பி, விழாவுக்கு வந்திருந்தவர்களை வரிசை வரிசையாகப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"அதான!" என்றான். "என் பயலும் அங்கனல்லா நனையுதான்."